ரெண்டடி நீளச் சீட்டில 1, 2, 3

தேர்தல் காலத்தில அச்சகத்தில வேலை செய்யிறவனுக்கு எல்லாக் கட்சியின்ட வாயும் தெரியும், பொக்கற்றும் தெரியும். நான் திருகோணமலை டவுனுக்குள்ள ஒரு சின்ன ஓப்செட் அச்சகத்தில டைப்செட்டிங் செய்யிறன். கலியாணக் காட், அந்தியேட்டி மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், டியூசன் போஸ்டர், இடையில தேர்தல் வந்தால் கட்சி நோட்டீஸ். பெரிய கட்சி எண்டால் நாலு கலர், வழுவழு பேப்பர், ஆயிரக்கணக்கில அடிக்கோணும், காசு பிறகு பாப்பம் எண்டுவினம் (ஒரு பெரிய கட்சிக்காரரின்ட "பிறகு" இன்னும் வரேல்ல, பேர் வேண்டாம்). சின்ன இடதுசாரிக் கட்சி எண்டால் ஒரு கலர், சாதாரண பேப்பர், ஐநூறு கொப்பி, காசை முதலே மேசையில வச்சு எண்ணித் தருவினம், கூடுதலா எல்லாம் நூறு ரூபா, அம்பது ரூபாத் தாள், ஆக்களிட்ட சேத்த காசு எண்டு பாக்கவே தெரியும். நோட்டீஸுக்குக் கீழ அச்சடிச்ச இடத்தின்ட பேரும் அட்ரஸும் போட வேணும், அது சட்டம், முதலாளிக்கு எல்லாக் கட்சியும் ஒண்டுதான். எனக்கு அப்பிடி இல்லை. நான் இடதுசாரி. அதை இந்த ஊரில சொன்னால் உடன வாற கேள்வி, "அப்ப நீ ஜேவிபியோ?"

இல்லை. அந்த இல்லைக்கு விளக்கம் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுத வேண்டிக் கிடக்கு.

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலை எடுப்பம். போட்டியில 38 பேர், வாக்குச் சீட்டு ரெண்டு அடிக்கும் மேல நீளம். அதில அரைவாசிப் பேர் ஆரெண்டே சனத்துக்குத் தெரியாது, கொஞ்சப் பேர் பெரிய கட்சிக்காரர் வாக்கு எண்ணுற இடத்தில கூடுதல் ஏஜென்ட் வச்சிருக்கிறதுக்காக நிப்பாட்டின டம்மியள், அது எல்லாருக்கும் தெரிஞ்ச விளையாட்டு. ரணில் எனக்கு ஆரம்பத்திலயே இல்லை, 2023 மார்ச்சில ஐஎம்எஃப்போட மூண்டு பில்லியன் டொலர் கணக்கில கையெழுத்து வச்சு, அந்த வருஷமே உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு எண்டு தொழிலாளியின்ட ஈபிஎஃப் (சேமலாப நிதி) காசில கை வச்ச ஆள். சஜித்தும் இல்லை, தமிழரசுக் கட்சி செப்டம்பர் 1 வவுனியாவில கூடி அவருக்குத்தான் ஆதரவு எண்டு சொன்ன பிறகும் எனக்கு இல்லை, ஏனெண்டால் அவற்ற மேடையில ஏறி நிண்ட ஆக்களில பாதிப்பேர் நேற்று வரைக்கும் மற்ற மேடையில நிண்டவை. அப்ப மிச்சம் என்ன? திசைகாட்டிச் சின்னத்தில ஜேவிபி தலைமையில வந்த தேசிய மக்கள் சக்தி அநுர, சங்குச் சின்னத்தில தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன், அதுக்குப் பிறகு நான் சீட்டில தேடிப் பிடிச்ச மூண்டு இடதுசாரிகள்: மக்கள் போராட்ட முன்னணி நுவன் போபகே, ஐக்கிய சோசலிசக் கட்சி சிறிதுங்க ஜயசூரிய, சோசலிச சமத்துவக் கட்சி பாணி விஜேசிறிவர்த்தன.

இது புதுப் பிரச்சினை இல்லை. 1982 இல முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலயே இதே படம் தான். இடதுசாரிப் பக்கத்தில கொல்வின் ஆர். டி சில்வா, ரோகண விஜேவீர, வாசுதேவ நாணயக்கார எண்டு மூண்டு பேர், தமிழ்ப் பக்கத்தில குமார் பொன்னம்பலம். கொல்வினுக்கு 58,531, விஜேவீரவுக்கு 273,428, வாசுவுக்கு 17,005, குமாருக்கு 173,934. ஜே.ஆர். பாதிக்கு மேல எடுத்து நிம்மதியா வெண்டார். நாப்பது வருஷத்துக்கு மேலாகியும் மூண்டு இடதுசாரி ஒண்டாச் சேர ஏலாமத் தனித்தனியா நிக்கிறதில மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

ஆனா அந்த 1982 இலயே இருந்த ஒரு விஷயத்தைச் சனம் இண்டைக்கு வரைக்கும் பாவிக்கிறேல்ல, அது தான் எனக்குக் கோபம். எங்கட ஜனாதிபதித் தேர்தல் சீட்டில மூண்டு விருப்பு போடலாம். 1, 2, 3. புள்ளடி (X) மட்டும் போட்டாலும் செல்லும், அதை ஒண்டாம் விருப்பா எடுப்பினம். ஒருத்தரும் அம்பது வீதத்தைத் தாண்டாட்டி, முதல் ரெண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரையும் வெட்டிவிட்டு, வெட்டுப்பட்டவைக்கு 1 போட்ட சீட்டுகளை மட்டும் திருப்பி எடுத்து, 2 அந்த ரெண்டு பேரில ஒருத்தருக்கு இருக்கோ எண்டு பாப்பினம், இல்லாட்டி 3 ஐப் பாப்பினம். இருந்தால் அது முழு வாக்கு. அரை வாக்கு, கால் வாக்கு எண்டு இல்லை, மூண்டாவதாப் போட்டதும் ஒண்டாவதாப் போட்டவன்ட வாக்குக்குச் சமன். அப்ப இந்த நாட்டில ஜனாதிபதித் தேர்தலில "சின்னக் கட்சிக்குப் போட்டு வாக்கை வீணாக்காதேங்கோ" எண்டு ஆர் சொன்னாலும் அது ஒண்டில் தெரியாமச் சொல்லுறது, இல்லாட்டித் தெரிஞ்சுகொண்டு சொல்லுறது. வேற கன நாடுகளில அப்பிடி ஒரு முறை இல்லை, ஒரே ஒரு புள்ளடி தான், அங்க இருக்கிற பயத்தை இங்க இறக்குமதி செய்யத் தேவையில்லை.

எங்கட வீட்டிலயே அம்மா சொன்னவ, "1 போட்டிட்டு 2 போட்டால் செல்லாதாம், பக்கத்து வீட்டு அக்கா சொல்லுறா." நான் ஒரு பழைய நோட்டீஸுக்குப் பின்னால பேனையால பெட்டி கீறி விளங்கப்படுத்தினனான். அம்மா முழுக்கக் கேட்டிட்டு, "நான் டெலிபோனுக்கு மட்டும் போடுறன், எனக்கு ஏன் வில்லங்கம்" எண்டிட்டா. டெலிபோன் எண்டால் சஜித்தின்ட சின்னம்.

சரி, வாக்கு வீணாகாது எண்டு வச்சாச்சு. அப்ப 1 ஆருக்கு? இதில தான் ஊரில ரெண்டு பேரோட எனக்குப் பெரிய இழுபறி.

முதல் ஆள் ஒரு தோழர். துறைமுகத்தில வேலை செஞ்சு பென்ஷன் எடுத்தவர், அவற்ற அப்பா வெள்ளைக்காரன்ட டொக்யாட்டில வேலை செஞ்சு 1957 இல பிரிட்டிஷ் நேவி வெளிக்கிட்டுப் போக வேலை இழந்தவர். தோழர் சண்முகதாசன் லைன், பீக்கிங் விங், அதாவது சீனச் சார்புக் கம்யூனிஸ்ட், இளமையில தீண்டாமை ஒழிப்புப் போராட்டக் கதையளைக் கேட்டு வளந்தவர், 1966 சுன்னாக ஊர்வலத்தை இண்டைக்கும் நேற்று நடந்த மாதிரிச் சொல்லுவார். அப்பிடிப்பட்ட மனுசன் அச்சகத்துக்கு வந்து முன்னால இருந்த ஸ்டூலில இருந்துகொண்டு, "தம்பி, நான் சங்குக்குத்தான்" எண்டார். எனக்கு ஒரு நிமிஷம் கை மவுஸில நிண்டுட்டுது.

"தோழர், நீங்களோ?"

"ஏன் நானெண்டால் என்ன? இப்ப முதன்மை முரண்பாடு எது, சொல்லுங்கோ பாப்பம். கூலியோ? காணி தம்பி. குச்சவெளிப் பக்கம் போய்ப் பாருங்கோ. 2020 இல கிழக்குக்குத் தொல்லியல் செயலணி எண்டு ஒண்டு போட்டாங்கள், போடேக்குள்ள அதில ஒரு தமிழன் இருந்தவனோ, ஒரு முஸ்லிம் இருந்தவனோ? அரியநேத்திரன் வெல்லப் போறாரெண்டு நான் சொல்லேல்ல. இங்க ஒரு சனம் இருக்கு எண்டு எண்ணிக்கையாக் காட்ட வேணும்."

இதைச் சும்மா இனவாதம் எண்டு தள்ளிப்போட்டுப் போறது லேசு, நான் அப்பிடித் தள்ளேல்ல. அவர் சொன்ன காணிக் கதை முழுக்க உண்மை. இடதுசாரியளை நம்பித் தமிழன் கெட்ட கதையும் அவருக்கு வாயில நிக்குது: 1956 இல தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிரா, ஒரு மொழியெண்டால் ரெண்டு நாடு, ரெண்டு மொழியெண்டால் ஒரு நாடு எண்ட கருத்தைப் பாராளுமன்றத்தில சொன்ன அதே கொல்வின் தான், 1964 இல லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோட சேந்த பிறகு, 1972 அரசியலமைப்பை அமைச்சரா இருந்து செய்து குடுத்தவர், பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களம் அரச மொழியும் அதுக்குள்ள இருந்தது, முந்தின சோல்பரி யாப்பில சிறுபான்மைச் சனத்துக்கு இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பு அதுக்குள்ள இல்லை. பருத்தித்துறையில 1956 இல கம்யூனிஸ்ட் பொன். கந்தையாவை வெல்ல வச்ச தமிழ்ச் சனம், 1975 காங்கேசன்துறை இடைத்தேர்தலில கம்யூனிஸ்ட் வி. பொன்னம்பலத்தைச் செல்வநாயகத்திட்டத் தோக்க விட்டதுக்கு இந்த நடுவில நடந்தது தான் காரணம். தோழர் அதைச் சொல்லேக்குள்ள குரலில ஒரு கசப்பு வரும், இளமையைக் குடுத்த இடமெல்லோ.

ஆனா எனக்குச் சங்கில ரெண்டு விஷயம் இடிச்சுது. ஒண்டு, அது இடதுசாரி வேட்பாளர் இல்லை, அப்பிடி எண்டு அவையளே சொல்லேல்ல, எல்லாத் தமிழரும் எண்டு ஒரு பொதுக் குடைக்குள்ள காணிக்காரனும் கூலிக்காரனும் ஒண்டா நிக்க வேணும் எண்டது தான் கதை. ரெண்டாவது, இது திருகோணமலை. யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு "தமிழ்ச் சனத்தின்ட எண்ணிக்கையைக் காட்டுவம்" எண்டு சொல்லுறது ஒரு விதம். இங்க மூண்டு சனமும் கலந்து கிடக்கு, முஸ்லிம் சனம் தான் கூட, அதுக்குப் பிறகு நாங்கள், பிறகு சிங்களச் சனம். கிண்ணியாக்காரனும் கந்தளாய்க்காரனும் இல்லாம இந்த மாவட்டத்தில மீனவனின்ட டீசல் விலையையோ வயல் காணிப் பிரச்சினையையோ கதைக்க ஏலாது. எண்ணிக்கை காட்டுற அரசியலில இங்க நாங்கள் எப்பவும் ரெண்டாமிடம் தான்.

பகிஷ்கரிக்கச் சொன்ன ஆக்களும் இருந்தினம், கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின்ட கட்சிப் பக்கம். அதைப் பற்றி நான் கூடக் கதைக்கேல்ல. 2005 இல வடக்கில சனம் வாக்குப் போடாம இருந்ததும், மகிந்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாக்கால வெண்டதும், பிறகு நடந்ததும் எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டாவது ஆள் கிண்ணியாவில படிப்பிக்கிற என்ட சினேகிதன், பள்ளிக்கூட வினாத்தாள் அடிக்க வந்து வந்து பழக்கம். அவன் நேரடியாவே கேட்டான். "மச்சான், இவ்வளவு நாளும் இடதுசாரி வெல்லமாட்டான் வெல்லமாட்டான் எண்டு அழுதாய். இப்ப ஒருத்தன் வெல்லப் போறான். இப்பப் போய்ப் பத்தாயிரம் வாக்கு எடுக்கிற ஆளுக்கு 1 போடுறன் எண்டுறாய். உனக்கு வெல்லுறது தான் பிரச்சினையோ?"

இது தான் எனக்குக் கிடைச்ச கேள்வியளிலேயே கஷ்டமான கேள்வி. 2019 இல 3.16 வீதம் எடுத்த அநுர, அஞ்சு வருஷத்தில முதலாமிடத்துக்கு வந்தது மூண்டாம் கட்சிக்காரர் எல்லாருக்கும் ஒரு கனவு. அண்டைக்கு அவருக்குப் போட்டதையும் எல்லாரும் வீண் வாக்கு எண்டு தானே சொன்னவை! அந்த 418,553 பேர் போடாம இருந்திருந்தால் 2024 வந்திருக்காது. என்ட சினேகிதன் அந்த வாதத்தை எனக்கு எதிராப் பாவிச்சான், நான் அதையே திருப்பி அவனுக்குப் பாவிச்சனான்: அப்ப இண்டைக்குச் சின்னனா இருக்கிற ஆக்களுக்கு ஏன் போடக் கூடாது?

அதோட, ஜேவிபி எண்டால் திருகோணமலைத் தமிழனுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கு. வடக்குக் கிழக்கு இணைஞ்ச மாகாணசபைக்குத் தலைநகரம் இந்த ஊர் தான். அந்த இணைப்புச் செல்லாது எண்டு 2006 ஒக்டோபர் 16 உயர் நீதிமன்றம் சொன்ன வழக்கைப் போட்டது ஜேவிபிக்காரர், மனு போட்ட மூண்டு பேரில ஒருத்தர் எங்கட மாவட்டத்துக்காரர். அதுக்கு முதல் வருஷம் சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளியேறினவை, கடல் அடிச்ச கரையில இருந்த சனம் நாங்கள், எங்களுக்கு மறக்குமோ. பிறகு அந்த வருஷமே மகிந்தவைக் கொண்டு வாறதுக்கு வீடு வீடாப் போனவையும் அவை தான். தேசிய மக்கள் சக்தி எண்டு பேர் மாறிச்சு, கோட் சூட் வந்திச்சு, ஆனா அந்த வழக்குப் பற்றி ஒருத்தரும் "பிழை விட்டிட்டம்" எண்டு சொல்லேல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுப்பம் எண்டு விஞ்ஞாபனத்தில எழுதினது நல்லது. ஐஎம்எஃப்போட திருப்பிக் கதைப்பம் எண்டது எனக்கு அப்பவே நம்பிக்கை இல்லை.

சினேகிதன் சிரிச்சான். "எல்லாம் சரி, ஆனா மற்றவன் வந்தால் இதை விட நல்லா இருக்குமோ?" இல்லை. இருக்காது. அதுக்குத்தான் 3 இருக்கு எண்டனான்.

சரி, மூண்டு சின்னவைக்குள்ள ஆர்? இதில கொள்கை விஞ்ஞாபனத்தை வச்சுத் தெரிஞ்சால் பைத்தியம் பிடிக்கும், ஏனெண்டால் மூண்டு பேரும் ஐஎம்எஃப் வேண்டாம் எண்டவை, மூண்டு பேரும் தனியார்மயத்துக்கு எதிர். சமத்துவக் கட்சி ஸ்ரீலங்கா ஈழம் சோசலிசக் குடியரசு எண்டு கேக்கிற ஆக்கள், கொள்கையில ஒரு அங்குலம் விட்டுக் குடுக்க மாட்டினம், மற்ற இடதுசாரி எல்லாருமே போலி எண்டு எழுதுவினம், அவையின்ட கட்டுரையளை வாசிக்கிறது எனக்கு விருப்பம், ஆனா வாசிச்சு முடிய ஒரு வேலையும் செய்யத் தோன்றாது. சிறிதுங்க தமிழற்ற சுயநிர்ணய உரிமையைத் தெற்கில நிண்டு, யுத்தம் நடக்கேக்குள்ளயே, வெளிப்படையாச் சொன்ன ஆள், அதைச் சொன்ன சிங்கள அரசியல்வாதியளைக் கை விரலில எண்ணலாம், மற்றவர் இடதுசாரித் தலைவர் விக்கிரமபாகு கருணாரத்ன, அவர் 2024 ஜூலையில செத்துப் போனார். சிறிதுங்க 2005 இல நாட்டிலேயே மூண்டாமிடம், ஆனா மூண்டாமிடம் எண்டால் 35,425 வாக்கு, 0.36 வீதம், முதல் ரெண்டு பேருக்கும் மூண்டாவதுக்கும் நடுவில ஒரு கடலே கிடந்தது.

போபகேயின்ட முன்னணி எண்டால் அதுக்குள்ள முதுகெலும்பு முன்னிலை சோசலிசக் கட்சி, ஜேவிபியில இருந்து 2011, 2012 இல உடைஞ்சு வந்தவை. உடையேக்குள்ள இனப்பிரச்சினையும் ஒரு காரணம். 2011 டிசம்பர் 9 யாழ்ப்பாணத்தில காணாமல் போன லலித், குகன் ரெண்டு பேரும் அவையின்ட ஆக்கள், காணாமல் ஆக்கப்பட்டவையின்ட குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு திரியேக்குள்ள தான் அவையும் காணாமல் போனவை. ரெண்டு பேரும் ஒரே மோட்டச்சைக்கிளில போய்த் திரும்பி வரேல்ல. இதை விட வேற என்ன விஞ்ஞாபனம் வேணும் எண்டு எனக்கு ஒரு எண்ணம். 2022 அரகலய மக்கள் எழுச்சியிலயும் இவையள் முன்னுக்கு நிண்டவை. போபகே ஒரு சட்டத்தரணி, பிடிபட்ட பெடியளுக்காகக் கோட்டில நிண்டவர்.

நான் பாத்த அளவுகோல் இவ்வளவு தான்: தேர்தல் இல்லாத நாளில இவையள் எங்க நிண்டவை, தேர்தல் முடிஞ்சு அடுத்த மாசம் இங்க ஒரு ஆளாவது மிஞ்சுமோ? வெல்லாத வேட்பாளருக்குப் போடுற வாக்கு ஒரு அமைப்பை வளக்கிறதுக்குத்தான், அமைப்பு இல்லாத இடத்தில போட்டால் அது ஒரு புள்ளிவிபரம் மட்டும். நோட்டீஸ் அடிக்க வாற ஆக்களிட்ட நான் கேக்கிறதும் இது தான், "இதைக் குடுக்கிறதுக்கு இங்க ஆர் இருக்கினம்?" ஒரு கட்சிக்காரர் சொன்னவை, கொழும்பில இருந்து ரெண்டு பேர் வருவினம், பஸ் ஸ்டாண்டில குடுத்திட்டு ராப் பஸ்ஸில திரும்பிடுவினம் எண்டு. இன்னொரு கட்சிக்காரர் பேர் பேராச் சொன்னவை, உப்புவெளியில இவர், தம்பலகாமத்தில இவர், மூதூரில ஒரு டீச்சர். அங்க தான் என்ட 1 தீர்மானமானது.

வாக்குச்சாவடியில அந்த மட்டைப் பெட்டிக்குப் பின்னால நிண்டு சீட்டை விரிச்சால் ரெண்டு பக்கமும் தொங்குது, மேசை காணாது. பேருகள் சிங்கள அகர வரிசையில, அதால எங்கட கண்ணுக்கு ஒரு ஒழுங்கும் பிடிபடாது, விரலை வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் இறங்கித்தான் தேட வேணும். போபகே 1. சிறிதுங்க 2. அநுர 3. மடிக்கேக்குள்ள மை மற்றப் பக்கத்தில படக் கூடாது எண்டு ஊதி ஊதி மடிச்சனான், தொழில் பழக்கம், ஈரமா இருந்தால் செற்-ஓஃப் விழும். பின்னால நிண்ட ஐயா, "தம்பி சோதினையே எழுதினீர்?" எண்டு கேட்டார்.

தோழர் பிறகு என்னட்டக் கேட்டார், 2 ஐச் சங்குக்காவது போட்டிருக்கலாமே எண்டு. கணக்குப்படி அது ஒண்டையும் மாத்தாது, ஏனெண்டால் சிறிதுங்கவுக்குப் போட்ட 2 ஐ ஒருத்தரும் எண்ணவே இல்லை, வெட்டுப்பட்டவைக்குப் போட்ட விருப்பை எண்ணுற முறையே இல்லை. அந்த 2 என்ட மனத் திருப்திக்கு.

முடிவு வந்தது. அநுர 42.31 வீதம், சஜித் 32.76, ரணில் 17.27. சங்குக்கு 226,343, எங்கட மாவட்டத்தில பதினெட்டாயிரத்துச் சொச்சம். போபகேக்கு நாடு முழுக்கப் பதினோராயிரத்துச் சொச்சம். திருகோணமலையில பாதி வாக்கு சஜித்துக்கு, அநுரவுக்கு அஞ்சில ஒண்டு. ஒருத்தரும் அம்பது தாண்டாததால சரித்திரத்தில முதல் தடவையா ரெண்டாம் சுற்று எண்ணினவை. வெட்டுப்பட்ட 36 பேருக்கும் விழுந்த வாக்கு முப்பத்து மூண்டு லட்சத்துக்கும் மேல. அதில இருந்து அநுரவுக்குப் போய்ச் சேந்தது 105,264, சஜித்துக்கு 167,867. ரெண்டையும் கூட்டினால் ரெண்டே முக்கால் லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது ரணிலுக்கோ நாமலுக்கோ சங்குக்கோ போட்ட பன்னிரெண்டு பேரில ஒருத்தற்ற வாக்குத்தான் ரெண்டாம் சுற்றில பயன்பட்டிருக்கு. மற்றப் பதினொரு பேரின்ட சீட்டும் பெட்டியில கிடந்தது. அந்த 105,264 இல ஒண்டு என்னுது, அதை நினைக்க ஒரு சின்னச் சந்தோஷம். ரணிலுக்குப் போட்ட ஆக்கள் எல்லாரும் சஜித்துக்கு 2 போட்டிருந்தால் கதையே வேற மாதிரிப் போயிருக்கும், எனக்கு அது விருப்பமில்லை, ஆனா முறை அப்பிடித்தான்.

நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அதில நான் வீட்டுச் சின்னத்துக்கு, தமிழரசுக் கட்சிக்குப் போட்டனான். இதைக் கேட்டு என்னோட கதைக்காம விட்ட தோழர்மார் இருக்கினம், அதால இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

பாராளுமன்றச் சீட்டில விருப்பு எண்டுறது கட்சிக்குள்ள இருக்கிற வேட்பாளருக்குத்தான், கட்சி விட்டுக் கட்சி மாறாது. அஞ்சு வீதத்துக்குக் குறைஞ்ச கட்சியின்ட வாக்கு கணக்கிலயே இல்லை. திருகோணமலைக்கு மொத்தம் நாலு ஆசனம், அதில ஒண்டு முதலாவதா வாற கட்சிக்கு போனஸ். மிச்சம் மூண்டு. இந்த மூண்டுக்குள்ள ஒரு தமிழ் ஆசனம் நிக்குமோ நிக்காதோ எண்டது எப்பவும் நூலில தொங்குற விஷயம். 2020 இல சம்பந்தர் 39,570 வாக்குக் கட்சிக்கு எடுத்து ஒரு ஆசனத்தைக் காப்பாத்தினவர். 2024 ஜூன் 30 அவர் செத்துப்போனார். நவம்பரில எங்கட மாவட்டத்தில மட்டும் சில தமிழ்க் கட்சியள் சண்டையை விட்டிட்டு வீட்டுச் சின்னத்தில ஒண்டா நிண்டவை. முடிவு: திசைகாட்டி 87,031, டெலிபோன் 53,058, வீடு 34,168.

இப்ப இந்தக் கணக்கைப் பாருங்கோ, நான் அண்டைக்கு ராத்திரி பில் புத்தகத்துக்குப் பின்னால போட்டுப் பாத்தது. மூண்டு கட்சியையும் கூட்டி மூண்டால பிரிச்சால் ஒரு ஆசனத்துக்குக் கிட்டத்தட்ட 58,000. திசைகாட்டிக்கு ஒண்டு நேராக் கிடைக்குது, மிச்சமா 29,000 வரை நிக்குது. டெலிபோன் 53,058 மிச்சத்தில ஒண்டை எடுக்குது. கடைசி ஆசனத்துக்குப் போட்டி வீட்டின்ட 34,168 க்கும் திசைகாட்டியின்ட அந்த 29,000 க்கும். மூவாயிரம் பேர் வீட்டை விட்டுத் திசைகாட்டிக்கு மாறியிருந்தால், தமிழ்க் கட்சி ஆசனம் இல்லை. திசைகாட்டியில அருண் ஹேமச்சந்திரா வெண்டவர் தானே, தமிழ் ஆள் தானே எண்டு கேப்பீங்கள். வெண்டவர், வெளிவிவகாரப் பிரதி அமைச்சரும் ஆனார், நல்லது. ஆனா அரசாங்கத்துக்குள்ள இருக்கிற தமிழ் எம்பியும் அரசாங்கத்துக்கு வெளியில நிண்டு கேள்வி கேக்கிற தமிழ் எம்பியும் வேற வேற வேலை.

தமிழரசுக் கட்சியை எனக்குப் பிடிக்காது. சாதி பற்றி வாய் திறக்காத கட்சி, ஊர்ப் பெரியாக்களின்ட கட்சி, பொம்பிளையளுக்கு உள்ளூராட்சி லிஸ்டில இடம் குடுக்கிறது சட்டத்துக்குப் பயந்து தான். பிடிக்காத கட்சிக்குப் போட்டது எனக்கு இடதுசாரி எண்டதில ஒரு குறையாவும் படேல்ல. செப்டம்பரில முறை எனக்கு மூண்டு பதில் சொல்ல இடம் தந்தது, மூண்டு பதில் சொன்னனான். நவம்பரில ஒரு பதிலுக்குத்தான் இடம். சின்ன இடதுசாரிக்கு அங்க போட்டிருந்தால் அஞ்சு வீதத்துக்குக் கீழ போய்ச் சேந்திருக்கும், அமைப்பும் வளராது, ஆசனமும் போகும். பதினெட்டு வயசில கொள்கைக்கு எண்டு கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஆள் தான் நானும். பிறகு மாவட்டச் செயலகத்தின்ட முடிவுத் தாள்களை டைப் பண்ணிப் பண்ணிக் கணக்குப் பழகிட்டுது.

159 ஆசனத்தோட வந்தவை என்ன செய்தவை எண்டு இப்பக் கேக்கலாம். ஐஎம்எஃப் ரணில் போட்ட அதே தண்டவாளத்தில தான் போகுது. தடைச் சட்டத்தில ஆக்களைப் பிடிக்கிறதும் நிண்டுபோகேல்ல. சீனக்குடா எண்ணெய்க் குதங்களில ரணிலும் கோட்டாவும் இந்தியாவோட செய்ததுக்கு ஒரு காலத்தில வீதியில இறங்கினவை, இப்ப அதைப் பற்றி மெதுவாத்தான் கதைக்கினம். 2025 நவம்பரில கடற்கரையில விகாரைக் காணிக்குள்ள புத்தர் சிலை வச்சதும், பொலிஸ் ராவோட ராவா அதை எடுத்ததும், அடுத்த நாளே அதே பொலிஸ் காவல் நிக்கத் திருப்பி வச்சதும் ஊருக்கே தெரியும். சினேகிதன் அண்டைக்கு எனக்குப் போன் எடுத்தவன், நான் ஒண்டும் குத்திக் காட்டேல்ல, அவனே "நீ 3 போட்டது தான் சரி போல" எண்டான்.

ஆனா எனக்குச் சிலையை விட முக்கியமாப் பட்டது முத்துநகர். 2025 இல முத்துநகர் விவசாயிகள் தாங்கள் காலங்காலமா விதைச்ச வயலைத் துறைமுக அதிகாரசபைக் காணி எண்டு எடுத்து சோலார் கம்பனியளுக்குக் குடுக்கிறதை எதிர்த்து, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால சத்தியாக்கிரகம் இருந்தவை. முஸ்லிம் சனம் கூட, தமிழ்ச் சனமும் சிங்களச் சனமும் இருந்தினம். கொட்டில் போட்டு, தண்ணிப் பரல் வச்சு, மழைக்குள்ளயும் வெயிலுக்குள்ளயும். நான் போகேக்குள்ள ஒரு வயசான அம்மா வயல் உறுதியின்ட ஃபோட்டோ கொப்பியைப் பொலித்தீன் பையில போட்டு மடியில வச்சுக்கொண்டு இருந்தவ, மூலையெல்லாம் வெள்ளையாப் போன கொப்பி, திருப்பி ஒரு தெளிவான கொப்பி எடுத்துத் தர ஏலுமோ எண்டு கேட்டவ. அந்தக் கொட்டிலுக்கு ஆர் ஆர் வந்தவை எண்டு பாத்தால் என்ட அளவுகோல் எனக்குச் சரியாத்தான் பட்டுது: சிவப்புச் சட்டைக்காரர் சில பேர் ஒரு நாள் வந்து படம் எடுத்திட்டுப் போகாம, திருப்பித் திருப்பி வந்தவை, தேர்தல் ஒண்டும் பக்கத்தில இல்லாத நேரம். தோழரும் ஒரு நாள் வந்தவர், சங்குக்குப் போட்ட அதே தோழர், கதிரை தேடிக் குடுத்து இருத்தினவை. அங்க இருந்து வரேக்குள்ள, "இது தான் தம்பி வேலை, ஆனா இதில ஒரு தமிழ்க் கட்சிக்காரனையும் காணேல்ல" எண்டார். நான் மறுமொழி சொல்லேல்ல, அவருக்கே தெரியும்.

இனி வாறது மாகாணசபை. கிழக்கில கடைசியா 2012 செப்டம்பரில நடந்தது, 2017 இல காலம் முடிஞ்சுது, அந்த வருஷம் தேர்தல் முறையை மாத்துறம் எண்டு சட்டத்தைக் குழப்பி எல்லை நிர்ணயத்தில மாட்டுப்பட்டு இழுபடுது. பழைய முறையில வச்சால் திருகோணமலைக்குப் பத்து ஆசனம். நாலு ஆசனத்துக்கும் பத்து ஆசனத்துக்கும் இருக்கிற வித்தியாசம் சின்னக் கட்சிக்காரருக்குப் பெரிசு, பத்தில ஒரு பங்கு வாக்குக்குக் கிட்ட வந்தாலே ஒரு ஆளை உள்ளுக்கு அனுப்பலாம். சீட்டில 1, 2, 3 மாத்துற வசதி இல்லை, ஆனா இந்த முறை வீட்டுக்குத்தான் போட வேணும் எண்ட நெருக்கடியும் இல்லை.

அதால இப்பவே சொல்லி வைக்கிறன், நோட்டீஸ் அடிக்க வாற எல்லா இடதுசாரிக் கட்சிக்காரரிட்டயும் நேரிலயும் சொல்லிப்போட்டன்: முத்துநகர்க் கொட்டிலில இருந்த மூண்டு சனத்திலயும் ஆக்களை எடுத்து, ஒரே லிஸ்டா, ஒரே சின்னத்தில வந்தால் என்ட வாக்கும் என்ட வீட்டில நான் கதைச்சு எடுக்கக் கூடிய வாக்கும் அங்க, அம்மாவின்டது உட்பட, டெலிபோனை மறக்கப் பண்ணுறது என்ட பொறுப்பு. மூண்டு சின்னத்தில மூண்டு லிஸ்டா வந்தால் ஒண்டுக்கும் போட மாட்டன், நோட்டீஸ் மட்டும் வழமை விலைக்கு அடிச்சுத் தருவன்.